சாம்பல் கிழவிக்குக் கொடுத்தது

கார்ட்டூன் சூனியக்காரிக்குக் குரல் கொடுத்துத்தான் அவள் வயிறு வளர்க்கிறாள் என்பது அந்தக் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. "டிவியில ஏதோ வேலை" என்ற அளவில்தான் அக்கம்பக்கத்துக்குச் சேதி. ஸ்டுடியோவில் அவளைக் குரல்காரி என்பார்கள். தனியாள். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு, ஜன்னலோரம் ஒரு மேசை, ஆறாமல் இருக்க ஃபிளாஸ்க்கில் வெந்நீர்.

தொடரில் அவள் பேசுவது சாம்பல் கிழவிக்கு. அடுப்புச் சாம்பலிலிருந்து எழுந்து வரும் சூனியக்காரி. சாம்பலைப் பார்த்துப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் தருவாள். பதிலுக்கு அவர்களிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்வாள். ஒருவனுடைய சிரிப்பு, ஒருத்தியுடைய நிழல், இப்படி ஏதாவது. படம் வேறு மொழியில் எடுத்தது. கிழவியின் வாயசைவுக்குத் தமிழ் பொருந்த வேண்டும், அவ்வளவுதான் இவள் கவலை.

ஒரு நாள் எழுதிக் கொடுத்திருந்த வசனம் "கொடுத்தால் கிடைக்கும்!" என்று முடிந்துவிட்டது. திரையில் கிழவியின் வாய் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, லிப் மிச்சம் இருக்கு. எதையாவது போட்டு நிரப்புங்க" என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்டு இன்ஜினியர்.

அவள் யோசிக்கவேயில்லை. தொண்டையைச் செருமி, குரலை அடிவயிற்றிலிருந்து இழுத்து, "கொடுத்தால் கிடைக்கும்! திரும்பக் கேட்டால்... கிடைத்ததெல்லாம் சாம்பலாகும்!" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அந்த டேக்கே ஓகே ஆனது. தொடர் ஓடத் தொடங்கியதும் தெருவில் விளையாடும் பொடிசுகள் வரைக்கும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டன. அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவளுக்கு நேர் கீழே இரண்டாவது மாடியில் ஒரு லாரி டிரைவர் குடும்பம் இருந்தது. அவர்களுடைய ஒரே பெண்ணுக்கு ஏழு வயது; கட்டடம் முழுக்க வாயாடி என்றுதான் கூப்பிடும். மாடிப்படியில் அகப்பட்டால் விடமாட்டாள். டீச்சருக்குப் பல் வலி என்பதிலிருந்து அப்பாவின் லாரிக்கு எத்தனை சக்கரம் என்பது வரை ஒப்பித்துவிட்டுத்தான் வழிவிடுவாள். அந்த மாதம் அவளுடைய அம்மாவுக்கு வயிற்றில் ஏதோ முறுக்கி, பாதி உயிராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினாள். அவள் வந்த நாளிலிருந்து வாயாடி வாயைத் திறக்கவில்லை.

பயந்திருக்கும், சரியாகிவிடும் என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். சரியாகவில்லை. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கெஞ்சினார், மிரட்டினார். பிள்ளை உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்த்தளத்துப் பொது அறையில் குடியிருப்புப் பெண்கள் கூடினார்கள். பேச்சு நேராகக் கார்ட்டூனுக்கு வந்தது.

"என் பையன் தம்பியோட முடியைக் கத்தரிச்சு டப்பாவுல போட்டு வெச்சிருக்கான். கேட்டா மந்திரமாம்."

"என் பொண்ணு அடுப்பைப் பத்தவெச்சு முன்னாடி உக்காந்து என்னமோ முணுமுணுக்குறா. பாத்ததும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

"பிள்ளைங்க மனசுல சூனியத்தைப் புகுத்துறானுங்க. வாயாடிக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. அது வெறும் பயம் இல்ல. ஏதோ பிடிச்சிருக்கு."

குரல்காரி சுவரோரமாக நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி அந்த வரியைக் கிழவி மாதிரியே பேசிக் காட்டினாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை. இவளுக்குக் கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது. தும்மினால்கூடத் தன் குரல் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாயாடியின் அம்மா வயிற்றில் ஒரு கையை வைத்தபடி மெல்ல அவள் பக்கம் வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"அக்கா, நீங்க டிவியிலதானே வேலை பாக்குறீங்க? அந்த வசனத்தை எழுதுற புண்ணியவான் யாருன்னு கேட்டுச் சொல்லுங்களேன். ஒரே ஒரு தடவை அந்த ஆளைப் பாக்கணும். பாத்ரூம் தொட்டியில என் பொண்ணு காகிதத்தைக் கொளுத்தியிருக்கா, அக்கா. தீப்பெட்டி எடுக்கக்கூடத் தெரியாத பிள்ளை."

"கேட்டுப் பாக்குறேன்மா" என்றாள் குரல்காரி. தன் காதுக்கே அது திருட்டுக் குரலாகக் கேட்டது.

மறுநாள் அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. ஃபோனில் தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொன்னாள். மத்தியானம் கீழே வாயாடி வீட்டுக்கு இறங்கினாள். அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயாடி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் மாத்திரை அட்டைகளைப் பெரிது சிறிதாக அடுக்கிக்கொண்டிருந்தது. குரல்காரியும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கண்ணு, அத்தை கேட்டா தலையை மட்டும் ஆட்டு, போதும். பேச வேண்டாம். என்ன?"

பிள்ளை தலையாட்டியது.

"சாம்பல் கிழவிகிட்ட நீ ஏதாவது கேட்டியா?"

அட்டையில் இருந்த விரல் நின்றது. பிறகு ஒரு சின்னத் தலையசைப்பு.

"அம்மா பிழைக்கணும்னா?"

மறுபடி தலையசைப்பு. கண் நிரம்பிவிட்டது.

"பதிலுக்கு என்ன குடுத்த?"

வாயாடி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டியது. பிறகு உள்ளறையைக் காட்டி, விரல்களைக் குவித்து, பொடியை ஊதிவிடுவதுபோல ஃபூ என்று ஊதியது.

குரல்காரிக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை பேசினால் அம்மா சாம்பலாகிவிடுவாள். கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் அதுதானே கணக்கு? அந்தக் கணக்கை எழுதின புண்ணியவான் எவனும் இல்லை. வாய் மிச்சம் இருக்கிறதே என்று இவள்தான் இட்டு நிரப்பினாள்.

அந்தப் பதற்றத்தில் அவள் செய்ததுதான் பெரிய பிசகு. கிழவி கட்டினதைக் கிழவியே அவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள். தொண்டையைச் செருமினாள். அடிவயிற்றிலிருந்து அந்தக் குரலை எடுத்தாள்.

"குட்டிப் பெண்ணே! உன் குரலை உனக்கே திருப்பித் தந்தேன்! இனி நீ பேசலாம்!"

வாயாடியின் முகம் வெளுத்துப்போயிற்று. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மேல் வீட்டு அத்தையின் வாய்க்குள்ளிருந்து சாம்பல் கிழவி பேசிவிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே பிள்ளையின் பாவாடை நனைந்தது. பின்னாலேயே நகர்ந்து, நகர்ந்து, சுவரில் முட்டி, எழுந்து உள்ளறைக்கு ஓடிக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது.

அம்மா உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அக்கா... அது நீங்களா?"

குரல்காரி தரையிலிருந்து எழுந்தாள்.

"என்கூடவே உக்காந்து, நான் அழுததைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"பிள்ளையைச் சரி பண்ணலாம்னுதாம்மா..."

"போதும். இனிமே கீழ வராதீங்க. உங்க நிழல்கூட என் பிள்ளை மேல படக்கூடாது."

அதன் பிறகு குரல்காரி மாடிப்படியில் காலைத் தூக்கி வைக்கவே பயந்தாள். இரண்டாவது மாடியைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திருடி மாதிரி நடந்தாள். கதவுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இருக்காது. முன்பெல்லாம் அந்தக் கதவு மூடியிருந்தாலும் ஓயாத பேச்சு கேட்கும். ஸ்டுடியோவுக்குப் போனாள். மைக் முன்னால் நின்று கிழவியின் முகத்தைத் திரையில் பார்த்தாள். முதல் வார்த்தையிலேயே குரல் உடைந்தது. "என்னாச்சுக்கா?" என்றான் இன்ஜினியர். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றாள். மறுபடி உடைந்தது.

சில நாள் கழித்து ஒரு பகல் பொழுது, அவள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். தட்டியது என்று சொல்ல முடியாது, இரண்டு கையாலும் அறைந்தார்கள். திறந்தால் வாயாடி. தலை கலைந்து, மூச்சு இரைக்க நின்றது. கண்ணில் அப்பட்டமான பீதி. அது இவளைப் பார்த்த பயமா, வேறெதுவுமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சூனியக்காரியின் வாசலுக்கே வந்து நிற்கிறது என்றால் கட்டடத்தில் அந்த நேரத்துக்கு வேறு யாருமில்லை என்று அர்த்தம்.

"என்ன கண்ணு? அம்மாவுக்கா?"

பிள்ளை அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கசிந்திருந்தது. அப்போதும் ஒரு சத்தம் வரவில்லை.

கீழே சமையலறையில் அம்மா குப்புற விழுந்து கிடந்தாள். தொட்டால் உடம்பு அனலாகக் கொதித்தது. வயிற்றுப் பக்கம் துணி ஈரமாகி, ஒரு கெட்ட வாடை. குரல்காரி அவளை மெல்லத் திருப்பிக் கிடத்தினாள். எப்படியோ ஆம்புலன்சுக்கு ஃபோன் போட்டாள். லாரி டிரைவருக்கும் போட்டாள். அவர் எங்கோ நெடுஞ்சாலையில் லோடோடு இருந்தார். "இதோ திரும்புறேன், திரும்புறேன்" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். தையலுக்கு உள்ளே சீழ் பிடித்திருக்கிறது, மறுபடி திறக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வாயாடியும் குரல்காரியும் இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு.

பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று எழுந்து நின்றது. இவள் முன்னால் வந்து, குதிகால் உயர எம்பி, துருப்பிடித்த குரலில் கத்தியது:

"நான் பேசவே இல்லையே! ஒரு வார்த்தைகூடப் பேசலையே! அப்புறம் ஏன்?"

வராந்தாவில் நடந்தவர்கள் நின்று திரும்பினார்கள்.

"நீதானே சொன்ன! குடுத்தா கிடைக்கும்னு நீதானே சொன்ன! நான் குடுத்தேன்ல? டீச்சர் அடிச்சப்பகூடப் பேசல! அம்மா விழுந்தப்பகூடக் கத்தல! நீ பொய் சொல்லிட்ட! ஏமாத்துக்காரி!"

சின்னக் கைகள் இரண்டும் இவள் தோளிலும் மார்பிலும் குத்தின. குரல்காரி தடுக்கவில்லை. "ஆமா கண்ணு, பொய்தான். எல்லாம் பொய்தான். அந்தக் கிழவி வெறும் படம். அவளுக்குக் குரலே கிடையாது. அவ வாய் ஆடிச்சு, நான் எதையோ உளறி வெச்சேன்."

அப்போதுதான் தான் பேசிவிட்டது பிள்ளைக்கு உறைத்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மூடிய கதவைப் பார்த்தது. அந்தப் பார்வையைக் குரல்காரி சாகும் வரை மறக்க மாட்டாள்.

வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும், ஆனால் அவளும் நடுங்கினாள். பேயும் இல்லை பிசாசும் இல்லை, எல்லாம் தான் இட்டுக்கட்டினது என்று உலகத்திலேயே உறுதியாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்கே அந்தச் சிவப்பு விளக்கின் கீழ் உள்ளுக்குள் ஒரு குரல், தன் குரலே, கிடைத்ததெல்லாம், கிடைத்ததெல்லாம் என்று இழுத்துக்கொண்டிருந்தது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிசைந்துகொண்டாள்.

வாயாடி மெல்ல வந்து அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தது. "பேசிட்டேன்" என்றது கிசுகிசுப்பாக. "இப்ப என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. டாக்டர் அம்மாவைச் சரி பண்ணுவாங்க."

"நிஜமாவா?"

"பண்ணுவாங்கன்னு நம்புறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

பெரியவள் ஒருத்தி பயமாக இருக்கிறது என்று சொன்னது பிள்ளைக்கு என்ன செய்ததோ, அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. இனி இழக்க ஒன்றுமில்லை என்பதுபோல, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. காகிதம் எப்படி எரிந்தது, விரல் எப்படிச் சுட்டது, கனவில்கூடப் பேசிவிடக்கூடாதே என்று தலையணையை எப்படிக் கடித்துக்கொண்டு படுத்தது, எல்லாம். நடுநடுவே நிறுத்திக் கதவைப் பார்க்கும். மறுபடி தொடங்கும். கடைசியில் பேசிக்கொண்டே இவள் மடியில் தூங்கிப்போனது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தார்.

"சீழை எடுத்துட்டோம். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம். காய்ச்சல் ரெண்டு மூணு நாள் இருக்கும், பயப்படாதீங்க."

போன உயிர் திரும்பி வந்தது. தூங்கும் பிள்ளையை உலுக்கி எழுப்பி அதைத்தான் முதலில் சொன்னாள்.

லாரி டிரைவர் வந்து சேர்ந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "பொம்பளையாச்சேன்னு பாக்குறேன்" என்று பல்லைக் கடித்தார். பிறகு மகள் "அப்பா" என்று கூப்பிட்டதும் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

குரல்காரி தொடரை விட்டுவிட்டாள். அந்த ஒரு வரியையாவது எடுத்துவிடும்படி டப்பிங் டைரக்டரிடம் கேட்டுப் பார்த்தாள். "அக்கா, அது இப்ப ஸ்கூல் பேக்ல அச்சடிச்சு வந்தாச்சு. நீங்க வேற" என்றார் அவர். வேறொருத்தி அந்த இடத்துக்கு வந்தாள். குரல் மாறியது எந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை.

அம்மா தேறி எழுந்ததும் ஒருநாள் மேலே ஆளனுப்பாமல் தானே படியேறி வந்தாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "அவ உங்களைப் பாக்கணுங்குறா. வந்துட்டுப் போங்க" என்றாள்.

குரல்காரி ஒரு பெட்டி கலர் பென்சில் வாங்கிக்கொண்டு போனாள். வாயாடி இப்போது நன்றாகவே பேசியது. பள்ளிக்கூடக் கதை, லாரிக் கதை எல்லாம் சொன்னது. பென்சில் பெட்டியை நீட்டியதும் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"இதுக்கு நான் என்ன குடுக்கணும், அத்தை?"

"ஒண்ணும் வேண்டாம் கண்ணு. சும்மாதான்."

பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா தலையாட்டின பிறகும் சற்று நேரம் யோசித்துக்கொண்டே நின்றது.