துடுப்புக்குப் பெயிண்ட்

பூங்கா ஏரியில் படகைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் என் வேலை. முதலில் வந்தவர்கள் காதலர்கள். கரை கண்ணுக்கு மறைந்தால் போதும் அவர்களுக்கு. பிறகு அவர்களே கைக்குழந்தையோடு வந்து, லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்து இழுத்துப் பார்த்து என் உயிரை வாங்கினார்கள். இப்போது வருகிறவர்கள், கட்டிய படகிலேயே ஏறி, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இவர்களுக்குத் தண்ணீர் எதற்கு என்று நான் புலம்பாத நாளில்லை.

மாறாமல் வந்தது ஒரே ஜோடி. நான் வைத்த பெயர் சண்டைக்கோழிகள். துடுப்புப் படகுதான் வேண்டும் அவர்களுக்கு. கரையை விட்டதும் ஆரம்பித்துவிடுவார்கள். காதலித்தபோதும் சண்டை, மகளை மடியில் வைத்திருந்தபோதும் சண்டை. ஏரி முழுக்கக் கேட்கும். சில மாதங்களாக அவர்களைக் காணவில்லை. எனக்கு ஏரியே ஊமையானது போலிருந்தது.

போன ஞாயிறு காலை மனைவி மட்டும் வேகவேகமாக வந்தார்.

"அவருக்குப் பக்கவாதம் வந்துடுச்சும்மா. இடது கைல பிடிமானம் இல்ல. துடுப்புப் படகு இல்லன்னு சொல்லிடுங்க. துடுப்பு நழுவினா மனசு உடைஞ்சிடுவார்."

படகு விஷயத்தில் நான் பொய் சொன்னதில்லை. ஆனாலும் துடுப்புகளையெல்லாம் அள்ளிக் கொட்டகைக்குள் போட்டுப் பூட்டினேன்.

மனைவி கழிவறைக்குப் போயிருந்தபோது கணவர் வந்து சேர்ந்தார். இடது காலை லேசாக இழுத்து நடந்தார்.

"ஒரு உதவிம்மா. துடுப்புப் படகு ரிப்பேர்னு சொல்லிடுங்க. நான் தடுமாறினா அவ அழுதுடுவா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இருவரும் ஒன்றாக வந்து நின்றதும், "துடுப்பெல்லாம் பெயிண்ட் அடிச்சிருக்கு, இன்னும் காயல," என்றேன்.

"அடடா," என்றார் கணவர். "இவ்வளவு தூரம் வந்தோமே," என்றார் மனைவி. நடிப்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களில்லை.

"சரி, வீட்டுக்குப் போகலாம்," என்று திரும்பினார்கள். எனக்குப் பகீரென்றது. இன்று இப்படிப் போனால் இனி வரவே மாட்டார்கள்.

"வாத்துப் படகு இருக்கு சார்."

"அது குழந்தைங்க ஏறுறது."

"குழந்தைங்க போன்ல இருக்காங்க. வாத்து சும்மாதான் நிக்குது. ஏறுங்க."

அதட்டித்தான் ஏற்றினேன். அந்தப் படகில் இருவருடைய பெடல்களும் ஒரே கம்பியில் சுற்றும். ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் தானாகச் சுற்றும். யார் மிதிக்கிறார், யார் காலைச் சும்மா வைத்திருக்கிறார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கொஞ்ச தூரம் வரை சத்தமே இல்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டது.

"கைப்பிடியைத் திருப்புங்க, புதருக்குள்ள போகுது."

"எனக்குத் தெரியும், நீ சும்மா இரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் ஒரு பெண் வந்து இன்னொரு வாத்தை அவிழ்க்கச் சொன்னாள்.

கரைக்கு வந்ததும், "முழுக்க நான்தான் மிதிச்சேன்," என்றார் கணவர். மனைவி மறுக்கவில்லை. மனைவியைக் கை கொடுத்து இறக்கினேன். அவர் கால்கள் வெடவெடவென்று நடுங்கின.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அடுத்த வாரம் பெயிண்ட் காய்ஞ்சிடும் சார்," என்றேன்.

"அவசரமில்லம்மா, மெதுவா காயட்டும்."

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் ஒத்துப்போய் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர்களுக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.