அக்காவின் வளைவு

"வளையணும் தம்பி. நேராப் போறது எனக்கு வேண்டாம்."

"சார், இந்த மேசைக்கு வர்ற எல்லாரும் நேராப் போகணும்னுதான் வர்றாங்க. நீங்க பல் டாக்டர். கோணலா இருக்கறத நேராக்கறதுதானே உங்க தொழிலே?"

"அதான் அலுத்துப்போச்சு. உங்க அக்கா அடிக்கிற பந்து வலப்பக்கமாக் கிளம்பி, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி திரும்பி நடுவுக்கு வருதே, அந்த வளைவு வேணும். மேடம் மட்டையில நீங்க என்னமோ பண்ணியிருக்கீங்க. எனக்கும் அதையே பண்ணிக் குடுங்க."

நான் எதுவும் செய்திருக்கவில்லை. ஆனால் பல் டாக்டர் நம்பவில்லை. கண்ணைச் சிமிட்டிவிட்டுத் தன் மட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

கோல்ஃப் பயிற்சித் திடலின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட அறை என் பட்டறை. மட்டைகளுக்குப் பிடி மாற்றுவேன், தண்டை வெட்டி நீளம் சரிசெய்வேன், தலை கழன்றால் ஒட்டுவேன். அதிகம் வருவது டிரைவர். தூரமாக அடிப்பதற்கான, இருப்பதிலேயே நீளமான மட்டை அது. 'பையன் டிரைவர் ரிப்பேர் பண்றான்' என்று அப்பா பெருமையாகச் சொல்லப்போய், அத்தை பதறிப்போய் "எந்த டிரைவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டதை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்போம். வெளியே புல்தரையில் அக்கா கற்றுக்கொடுக்கிறாள். இந்த வருடம் அவளிடம் கூட்டம் அதிகம். காரணம் அந்த வளைவுதான். பந்து முதலில் வேலிப்பக்கம் தப்பிப்போவதுபோல் போகும். பார்ப்பவர்கள் மூச்சைப் பிடிப்பார்கள். பிறகு மனம் மாறியதுபோல் இடப்பக்கம் சரிந்து நடுக்கொடி அருகே இறங்கும். மாணவர்கள் கைதட்டுவார்கள். அவள் நிற்பதுபோலவே நின்று, அவள் தோளைத் திருப்புவதுபோலவே திருப்பி அடித்துப் பார்ப்பார்கள். ஒருவருக்கும் வரவில்லை. "எல்லாத்தையும் இன்னைக்கே கத்துக்கிட்டா நாளைக்கு எனக்கு யாரு சோறு போடுவா?" என்பாள் அக்கா.

மதியம் அவள் சாப்பிடப் போனபோது அவளுடைய டிரைவரை எடுத்து வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.

டிரைவரின் முகம் தட்டையானது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பழைய கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல அதில் மெல்லிய புடைப்பு உண்டு. பந்து நடுவில் படாமல் வெளிநுனியில் பட்டால் மட்டையின் தலை திருகிக்கொள்ளும், அந்தத் திருகலில் பந்து இடப்பக்கம் சுழலத் தொடங்கும். முகம் தட்டையாக இருந்தால் பந்து அந்தச் சுழற்சியோடு ஒரேயடியாக இடப்பக்கம் ஓடிவிடும். புடைப்பு இருப்பதால் முதலில் அதை வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. பிறகு சுழற்சி அதை நடுவுக்குக் கூட்டிவருகிறது. ஒரு தவறை முன்கூட்டியே எதிர்பார்த்து அதற்கு வழிவிட்டுச் செய்த முகம். உள்பக்கத் தகடும் எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை. ஓரத்தில் பட்டாலும் பந்து அதிக வேகம் இழக்காதபடி இடத்துக்கு இடம் மாற்றி இழைத்திருக்கிறார்கள். இதை யோசித்தவர் நிறையத் தவறு செய்தவராக இருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அக்காவின் மட்டையில் நடுப்பகுதி கடையிலிருந்து வந்த பளபளப்போடு அப்படியே இருந்தது. வெளிநுனியில் மட்டும் பந்தின் வெள்ளைத் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, தேய்ந்து சாம்பலாகிப்போய். கற்றுக்குட்டியின் தடங்கள் முகம் முழுக்கச் சிதறியிருக்கும். இவை ஒரே இடத்தில் இருந்தன. இத்தனை வருடம் பழகிய கை, பந்து இருப்பதாக அவள் பார்த்த இடத்தில் துல்லியமாக அடித்திருக்கிறது. பந்துதான் அங்கே இல்லை. போன வாரம் நான் போனை நீட்டியபோது அவள் விரல்கள் அதற்குச் சற்று முன்பே மூடிக்கொண்டதும், "ஒழுங்காக் குடேன்டா" என்று என்னைத் திட்டியதும் நினைவுக்கு வந்தன.

அவள் திரும்பி வந்தபோது புல்தரையில் வேறு யாரும் இல்லை. மட்டையைக் கொடுத்தேன்.

"பல் டாக்டருக்கு உன் வளைவு வேணுமாம்."

"பண்ணிக் குடேன். நல்ல மனுஷன்."

"எப்படிக்கா பண்றது? அது நுனியில பட்டு வர்றது."

அவள் பந்தை வைக்கக் குனிந்தாள். இடது கையால் முதலில் தரையைத் தொட்டு, பிறகு தடவிக்கொண்டே, பந்தைத் தாங்க நட்டிருந்த மரக்குச்சியைக் கண்டுபிடித்து, அதன்மேல் பந்தை வைத்தாள்.

"சத்தத்துலயே எனக்குத் தெரியும்டா. நடுவுல பட்டா வேற சத்தம். அதைக் கேட்டே ரொம்ப நாளாச்சு."

"எந்தக் கண்ணு?"

"இடது. நடுவுல அழுக்குப் பட்ட மாதிரி இருக்கு. அந்தக் கண்ணால மட்டும் உன்னைப் பார்த்தா மூக்கு இல்லை." சிரித்தாள். "ஒண்ணும் குறைஞ்சுபோகலை."

"அக்கா!"

"கண் டாக்டரைப் பார்த்தேன். கண்ணுக்குள்ள ஊசி போடணுமாம். மாசாமாசம். குனியக் கூடாது, வெயில்ல நிக்கக் கூடாது, கொஞ்ச நாள் வேலைக்கே போகக் கூடாது. தள்ளிப்போட்டா போன பார்வை திரும்ப வராதாம்."

"அப்புறம் ஏன் தள்ளிப்போட்ட?"

"இப்பத்தான்டா என்னைத் தேடி வர்றாங்க." வெறும் திடலைப் பார்த்தபடி சொன்னாள். "கண்ணு நல்லா இருந்தப்ப நேரா அடிச்சேன். ஒருத்தனும் திரும்பிக்கூடப் பார்க்கலை."

பல் டாக்டர் என்றோ தட்டிய கைதட்டல் என் காதில் மறுபடி கேட்பதுபோல் இருந்தது. எதுவும் தெரியாமல் நானும் எத்தனையோ நாள் பட்டறை வாசலில் நின்று கைதட்டியிருக்கிறேன்.

"நாளைக்குப் போலாம்க்கா. நான் கூட வர்றேன்."

"நுனியிலயே பட்டுக்கிட்டு இருந்தா பரவாயில்லை. நேத்து ரெண்டு அடி பந்துல படவே இல்லைடா. கத்துக்க வந்தவங்க, நான் சும்மா வீசிக் காட்டறேன்னு நினைச்சுக்கிட்டாங்க."

பந்துக்கு முன்னால் போய் நின்றாள். மட்டையைத் தரையில் வைத்து, கால்களைப் பரப்பி, வலது கண்ணைச் சுருக்கினாள். மட்டையின் வெளிநுனிக்கும் அதைத் தாண்டி இருந்த பந்துக்கும் நடுவே வெயில் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"ஆஸ்பத்திரிப் பேச்சு இருக்கட்டும். சாயங்கால வகுப்புக்கு எல்லாரும் வந்துருவாங்க. நான் எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லு. கிட்ட வரணுமா, தள்ளிப் போணுமா? சொல்லுடா."