ஐந்தாவது மெஷின்

நான்கு மெஷின்கள் முடிந்துவிட்டன. ஐந்தாவது சிவகாமசுந்தரியுடையது. சவரிராஜ் அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தான்.

எண்பத்தொன்பதாம் வருஷம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. கீழே சிராங்கூன் ரோட்டில் விளக்கு வளைவுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடியில் இருந்த அந்தப் பயண ஏஜென்சியில் மெட்ராஸ் டிக்கெட் கேட்டு போன் ஓயவில்லை. சவரிராஜ் அங்கே சேர்ந்து ஐந்து மாதம்தான். அவனை வேலையில் நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று இந்த மாதக் கடைசியில் சொல்வதாக முதலாளி அண்ணாதுரை சொல்லியிருந்தார். அதற்கு முன் ஒரு வேலையும் கொடுத்திருந்தார். எல்லாக் கம்ப்யூட்டர் மெஷினிலும் டிக்கெட் புரோகிராம் புதுப் பதிப்புதானா என்று பார்க்க வேண்டும், பழசாக இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

பார்ப்பது பெரிய காரியமில்லை. புரோகிராம் திறக்கும்போது திரையின் மூலையில் ஓர் எண் வரும். மூன்று என்றால் புதுசு. இரண்டு என்றால் பழசு. நான்கும் இரண்டாகத்தான் இருந்தன, கையிலிருந்த டிஸ்க்கைப் போட்டு மாற்றியிருந்தான்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் எழுந்திரிச்சீங்கன்னா..."

"எங்கம்மா உன்னை எப்பப் பெத்தாங்க?" சிவகாமசுந்தரி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சரி, மேடம். வெர்ஷன் மட்டும் செக் பண்ணிட்டுப் போயிடுறேன்."

"என் மெஷின் நல்லாத்தான் ஓடுது. நீ தொட்டாத்தான் கெட்டுப்போகும் லா."

பக்கத்து மேசையில் பரீதா சிரித்தாள். சவரிராஜ் நின்றுகொண்டிருந்தான். சிவகாமசுந்தரியின் மேசையருகே காலி நாற்காலி ஒன்று கிடந்தது. அது பூவம்மாவுடையது. கம்ப்யூட்டர்கள் வந்த வாரம்தான் அவனும் வந்தான், பூவம்மாவும் போனாள். கையால் டிக்கெட் எழுத இனி ஆள் வேண்டாம் என்று அண்ணாதுரை சொல்லிவிட்டார். விஷயம் தெரியாமல் முதல் நாள் அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, "எழுந்திரு" என்று மட்டும் சொன்னாள் சிவகாமசுந்தரி. அதிலிருந்து அவள் முன்னால் அவன் உட்கார்ந்ததே இல்லை.

அவள் பேசுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது. மார்சிலிங்கில் இருக்கும் வீடு வரை பஸ்ஸில் போகும்போது அந்த மௌனமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூடவே வருவதுபோல இருக்கும். தான் யாரையும் துரத்தவில்லை என்று அவளிடம் சொல்ல எத்தனையோ முறை வார்த்தைகளைக் கோத்துப் பார்த்திருக்கிறான். அதில் பாதி பொய் என்று அவனுக்கே தோன்றும், விட்டுவிடுவான்.

மறுநாள் அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஐந்தாவது மெஷினிடம் போனான். விசைப்பலகையைத் தட்டினால் அசையவில்லை. மெஷினின் முகப்பில் இருந்த சின்னப் பூட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"சாவி இங்க இருக்கு."

திரும்பினான். சேலைத் தலைப்பில் ஊக்கால் குத்தியிருந்த சாவியை அவள் ஆட்டிக் காட்டினாள்.

"ஆள் இல்லாத நேரம் பாத்து வர்றியே, வெட்கமா இல்ல?"

"முதலாளி சொன்ன வேலைதான் இது."

"பூவம்மாவைப் போகச் சொன்னதும் அதே முதலாளிதான். போய்ச் சொல்லு, சாவி குடுக்கலன்னு."

அவன் போய்ச் சொன்னான். தீபாவளி முடியட்டும், இப்போது அவளைச் சீண்டாதே என்றார் அண்ணாதுரை. சொல்லப் போனோமே என்று சவரிராஜுக்கு அவமானமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை நான்கு மெஷின்களும் நின்றுபோயின. திரையில் ஏதேதோ குறிகள் ஓடின. பயணிகளின் பெயர்கள், விமானத் தேதிகள் எதையும் திறக்க முடியவில்லை. கவுண்டருக்கு முன்னால் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். பழுது பார்க்க வந்தவர் நான்கையும் சோதித்துவிட்டுக் கேட்டார்.

"எல்லா மெஷின்லயும் ஒரே டிஸ்க்கைப் போட்டது யாரு?"

சவரிராஜ் டிஸ்க்கை நீட்டினான்.

"வைரஸ் லா. இதிலேர்ந்துதான் நாலுக்கும் ஏறியிருக்கு."

குவீன்ஸ்டவுனில் இருக்கும் கூட்டாளி வீட்டில் அதே டிஸ்க்கில்தான் ஒரு செஸ் விளையாட்டை அவன் நகல் எடுத்திருந்தான். பதிப்பு பழசா, புதுசா என்று மெஷின் மெஷினாகப் பார்த்துக்கொண்டே போனவன், தன் கையில் இருந்ததைப் பார்க்கவில்லை.

ஐந்தாவது மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் மாலையில் எல்லா மேசைகளின் டிக்கெட் நகல்களும் சிவகாமசுந்தரியிடம்தான் போகும். முழுப் பட்டியலையும் தன் மெஷினில் ஏற்றி வைப்பவள் அவள்தான். தீபாவளிப் பயணிகள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

அண்ணாதுரை அவளுடைய மேசைக்கே வந்தார். "உங்களாலதான் கடை தப்பிச்சுது. இவனைப் பத்தி நீங்களே சொல்லுங்க. வச்சுக்கவா, இன்னிக்கே அனுப்பிடவா?"

அறையே திரும்பிப் பார்த்தது. ஐந்து மாதமாக அவள் காத்திருந்த கேள்வி இதுதான் என்று சவரிராஜுக்குத் தெரியும். பூவம்மாவின் நாற்காலியைப் பார்த்தான். சிவகாமசுந்தரியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"இருக்கட்டும்," என்றாள்.

அண்ணாதுரைக்கே ஆச்சரியம். "நிஜமாவா?"

"இவன் போனா இன்னொருத்தன் வருவான். பூவம்மாவா திரும்பி வரப்போறா? வர்றவனை மறுபடி முதல்லேர்ந்து வெறுக்கணும். எனக்கு அவ்வளவு தெம்பு இல்ல."

ஊக்கைக் கழற்றிச் சாவியை மேசைமேல் போட்டாள். நன்றி சொல்ல சவரிராஜ் வாயெடுத்தான்.

"பேசாத. பட்டியலைப் பிரிண்ட் எடு. உன் டிஸ்க் எதுவும் உள்ள போகக்கூடாது."

அவள் எழுந்து தன் நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள். பூவம்மாவின் நாற்காலி பக்கத்திலேயே காலியாகக் கிடந்தது. அவன் பூட்டைத் திறந்து, குனிந்து நின்றபடியே புரோகிராமைத் திறந்தான். திரையின் மூலையில் எண் வந்தது. இரண்டு.

முதல் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினான். இன்னும் நிறையப் பக்கங்கள் இருந்தன. முதுகு வலிக்க ஆரம்பித்தது. அவன் உட்காரவில்லை.