ஓடாத மூணு பேரு

பேரு எத்திராஜ், வயசு இருபத்திமூணு, இருக்கறது பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டில ஒரு பிஜி ஹாஸ்டல். ஆம்பூர்லேர்ந்து வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. கூட வேலை பாக்கற டென்சிலோட வீட்டத் தவிர அவனுக்குப் போக்கிடம் கெடையாது. ஞாயித்துக்கெழமையானா பஸ் புடிச்சு விவேக் நகர் போயிடுவான்.

அங்க ஒரு வெளையாட்டு நடக்கும். டென்சில் மாயாஜாலக் கதை சொல்லுவான், மத்தவங்க ஆளுக்கொரு வீரனா டைஸ், அதான் பகடை, உருட்டி அந்தக் கதைய நகத்தணும். கதைல எத்திராஜோட வீரன்கிட்ட கூலிக்கு மூணு ஆளுங்க. ஆபத்து வந்தா அவங்க நிப்பாங்களா ஓடுவாங்களான்னு பாக்க, ரூல் புக்குல ஒரு பக்கம் முழுக்க அட்டவணை. கூலி, காயம், போன சண்டைல கெடச்ச பொருள்ல குடுத்த பங்குன்னு ஒவ்வொருத்தனுக்கும் கூட்டிக் கழிக்கணும். எத்திராஜோ பயந்த சுபாவம், போட்ட கணக்கையே திரும்பப் போடுவான். அதுக்குள்ள டென்சிலோட ஃப்ரெண்ட் சௌம்யா கொட்டாவி விட ஆரம்பிச்சுடுவா. போன வாரம் ஒருத்தன் பாதிலயே எழுந்து போய்ட்டான். இன்னிக்கும் இழுத்தடிச்சா இனிமே நம்மளக் கூப்பிடவே மாட்டாங்கன்னு எத்திராஜுக்குப் பயம்.

கதைல குகை வந்துச்சு, உள்ள பூதம் உறுமுச்சு. டென்சில் அட்டவணைய நீட்டினான். பதட்டத்துல எத்திராஜ், தன்னோட ஆளுங்ககிட்ட பேசறாப்ல, "சாப்ட்டீங்களாப்பா?"ன்னு கேட்டுட்டான்.

சௌம்யா விழுந்து விழுந்து சிரிச்சா. "பூதம் வாயத் தொறந்து நிக்குது குரு, நீ டிபன் கேரியரத் தொறக்கற."

எத்திராஜுக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. "இல்ல, இந்த ஊர்ல என்னை சாப்ட்டியான்னு கேக்கறது நீங்கதான். உங்கள விட்டு நான் ஓடுவேனா?"

டென்சில் புக்க மூடினான்.

"இனிமே இதான் மச்சா ரூல். ஆளுக்கு ஒரே நம்பர், ஏழு. ரெண்டு டைஸ் போடு. கூட்டி ஏழு வரைக்கும் வந்தா நிப்பான், மேல போனா ஓடுவான். அன்னிக்கு உன் வீரன் அவன்கூட உக்காந்து சாப்ட்டிருந்தா ஒம்பது வரைக்கும் நிப்பான்."

கதைல குகைக்கு வர்றதுக்கு முன்னாடி, ஆத்தங்கரைல வீரனும் ஆளுங்களும் பொட்டலம் பிரிச்சு நாலு பேருமா சாப்ட்டதா எத்திராஜ் மொதல்லயே சொல்லியிருந்தான். மொத ரெண்டு பேரு சுலபமா நின்னுட்டாங்க. மூணாவது ஆளுக்கு டைஸ் உருண்டு சௌம்யா முன்னாடி போய் நின்னுச்சு. அவ குனிஞ்சு பாத்தா.

"ஒம்பது. நிக்கறான்யா உன் ஆளு."

அன்னிக்குப் பாதில யாரும் எழுந்து போகல. கெளம்பும்போது டென்சில், அடுத்த வாரம் சீக்கிரம் வந்துடுன்னான். பஸ்ல எத்திராஜ் ஜன்னல் பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டான், கண்ணு அப்படி நெறஞ்சிருந்துச்சு.

இதப் படிக்கறவங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ஊருக்குப் புதுசா வந்தவங்க வெளையாட வந்தா, ரூலெல்லாம் அப்பறம் சொல்லிக்கலாம், மொதல்ல பக்கத்துல உக்கார வைங்க.