செம்பட்டைத் தலையும் நாத்தனார் முடிச்சும்

“எம்பொண்ணு தலையா இது? தேங்கா நாரு. உரிச்சிப் போட்ட தேங்கா நாரு.” மங்கம்மாளின் குரல் தெருவின் கடைசி வீடு வரை போயிற்று.

“இதுக்கு முன்னாடி தலைல எதுனா போட்டிருக்கீங்களான்னு ரெண்டு வாட்டி கேட்டனா இல்லியா?” அமராவதியும் குரலைக் குறைக்கவில்லை. குறைத்துப் பேசுகிறவள் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு முன்னறையிலேயே பார்லர் நடத்த முடியாது.

“கேட்டா மட்டும் போதுமா? தொழில் தெரிய வேணாமா?”

“பொய் சொல்றவங்க தலைக்குத் தொழில் பாக்க எனக்குத் தெரியாது.”

இருவருக்கும் நடுவில், சுழல் நாற்காலியில், தோளில் ஈரத் துண்டோடு இசைவாணி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் தெரிந்தவளை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. உச்சியில் ஆரஞ்சு, காதோரம் செங்கல், நுனியில் பாசி படிந்ததுபோல ஒரு பச்சை.

விஷயம் இதுதான். இசைவாணிக்கு முப்பத்தொரு வயது. இருபத்தைந்திலேயே நரைக்கத் தொடங்கிவிட்டது. மாதாமாதம் மங்கம்மாள் இரும்புச் சட்டியில் மருதாணிப் பொடியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு மகள் தலையில் அப்புவாள். வெளியே யாருக்கும் தெரியாது என்பது அவள் எண்ணம். கழுவிய சட்டி பின்சுவரில் கவிழ்ந்திருப்பதைப் பார்த்தே தெருவில் உள்ளவர்கள் மாதம் பிறந்துவிட்டதைத் தெரிந்துகொள்வார்கள்.

இப்போது தம்பி சிவசங்கருக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். அக்காள் இருக்கத் தம்பிக்கா என்று அங்கே நாலு பேர் கேட்கத்தான் போகிறார்கள். கேட்கிறவர்கள் கண்ணில் ஒரு வெள்ளை முடி பட்டுவிட்டால் தீர்ந்தது. அதனால்தான் கல்யாணத்துக்கு முந்தின வாரம் மங்கம்மாள் மகளைப் பார்லருக்கு இழுத்து வந்தாள். கருப்பு அடித்தால் சாயம் என்று தெரிந்துவிடும், லேசான பழுப்பு என்றால் பிறவி முடிபோலவே இருக்கும் என்றாள் அமராவதி. முன்னால் ஏதாவது போட்டதுண்டா என்றும் கேட்டாள். இசைவாணி வாயைத் திறப்பதற்குள், “தேங்கா எண்ணெயத் தவிர ஒண்ணும் காட்டுனதில்ல,” என்று மங்கம்மாள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். இசைவாணியும் வாயை மூடிக்கொண்டாள். இரும்புச் சட்டி மருதாணியின் மேல் பார்லரின் சாய மருந்து பட்டதும் தலை கொதித்தது. மிச்சத்தைக் கண்ணாடி காட்டியது.

“மேல கருப்பு அடிச்சி வுடு,” என்றாள் மங்கம்மாள்.

“இன்னொரு வாட்டி மருந்து பட்டா முடி கையோட வந்துடும். ஒரு மாசம் ஆவட்டும்.”

ஒரு மாசத்துக்கு எங்கே போவது? வீட்டுக்கு வந்து சீயக்காய் தேய்த்தார்கள், தயிர் தேய்த்தார்கள். எலுமிச்சை தேய்த்ததில் ஆரஞ்சு இன்னும் பளபளத்ததுதான் மிச்சம். கடைசியில் கருப்புச் சவுரி வாங்கிப் பின்னிப் பார்த்தார்கள்.

சிவசங்கர் வாசலில் நின்று பார்த்தான். “யக்கா, மேல சேவல், கீழ காக்கா.”

சீப்பு பறந்தது. மாப்பிள்ளைக்கு நெற்றியில் படாமல் போனது அவன் அதிர்ஷ்டம்.

அன்று சாயங்காலம்தான் மங்கம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள். “தாலி முடிச்சு போட சித்தி பொண்ணு சிந்துஜா நிக்கட்டும். அவளும் தங்கச்சி மொறதான.”

இசைவாணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் கூடப்பிறந்தவள் போடுவது. அந்த வீட்டில் சிவசங்கருக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

“ஏன், நான் செத்துட்டனா?”

“வீடியோ எடுப்பாங்கடி. காலத்துக்கும் நிக்கும்.”

“நிக்கட்டுமே.”

“நீ பந்தியப் பாத்துக்க.”

“அவ மேடைக்கு, நான் பந்திக்கா? பொய் சொன்னது நீ. தலை வெந்தது எனக்கு. இப்ப மொறையும் எனக்கு இல்லியா?”

அப்பா தட்சிணாமூர்த்தி, “கல்யாண ஊட்டுல சத்தம் ஜாஸ்தியா இருக்குது,” என்று சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் புறப்பட்டார். வெற்றிலை காலையிலேயே வந்துவிட்டிருந்தது.

சிதம்பரத்தில், தெற்கு வீதிக்குப் பக்கத்து மண்டபத்தில், முகூர்த்தக் கூட்டம் நிரம்பியிருந்தது. இசைவாணி சவுரியும் வைக்கவில்லை, முக்காடும் போடவில்லை. மாம்பழ நிறப் பட்டுக்கும் தலைக்கும் பொருத்தம் அமைந்துவிட்டதைச் சிலர் வாய்விட்டே சொன்னார்கள். பெண் வீட்டு அம்மாள் ஒருத்தி, “பொண்ணுக்கு ஒடம்புக்கு எதுனாவா?” என்று விசாரித்தாள். “மெட்ராஸ்ல இப்ப இதான் பேஷன்,” என்றாள் மங்கம்மாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மேடையில் பெண்ணுக்குப் பின்னால் சிந்துஜா ஏற்கெனவே நின்றிருந்தாள், ஜன்னல் வைத்த ஜாக்கெட்டை வீடியோவுக்குத் திருப்பிக்கொண்டு.

இசைவாணி மேடையேறினாள். “நவுருடி.”

“பெரியம்மாதான் நிக்கச் சொன்னாங்க. அவுங்களக் கேளு.”

“எறங்குடி கீழ, மானத்த வாங்காத,” என்று மங்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திக் கெட்டிமேளத்துக்காகக் காத்திருந்த நேரம். அதனால் இசைவாணி சொன்னது சாப்பாட்டுக்கூடம் வரை கேட்டது.

“எனக்கு நரைச்சிப்போச்சு. ஆறு வருசமா நரைச்சிருக்குது. அத மறைக்கப் போயிதான் இந்தக் கோலம். இன்னும் எத்தினி பேர்கிட்ட பொய் சொல்லுவ? தலைதான கெட்டுப்போச்சு. கை நல்லாத்தான் இருக்குது. கைதான முடிச்சு போடும்?”

சிவசங்கர் தாலியைப் பிடித்தபடி நிமிர்ந்தான். “யாருனா ஒருத்தர் நில்லுங்க. ஐயரு மொறைக்கிறாரு.”

இசைவாணி இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள். சிந்துஜா தோழிப் பெண்மேல் போய்ச் சாய்ந்தாள். மேளம் முழங்கியது. தம்பி ஒரு முடிச்சுப் போட, மீதி இரண்டையும் அவள் போட்டாள். “மெதுவா, அண்ணி,” என்றாள் பெண். “இதான் மெதுவு,” என்றாள் இசைவாணி.

திரும்பி வரும் வேனில் தாயும் மகளும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். ஆடி மாதம் வரை பேச்சே இல்லை. செம்பட்டையை இசைவாணி கழுத்தோடு வெட்டிப் போட்டாள். வளர்ந்ததை வளர்ந்தபடியே விட்டுவிட்டாள்.

அமராவதி அந்த வருடமே பண்ருட்டிக்குக் கடையை மாற்றிக்கொண்டாள். சிவசங்கரும் பெண்டாட்டியும் திருப்பூர் போனார்கள். சிந்துஜாவுக்கு அடுத்த தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூர், அவளுக்குப் பரங்கிப்பேட்டையில் மாமியார். சில வருடம் கழித்து, 2011-ல், இசைவாணியைப் பெண் பார்க்க நெய்வேலியிலிருந்து ஒருவர் வந்தார். பாதி வெளுத்த தலையோடுதான் அவள் காப்பி கொண்டுபோய் வைத்தாள். மங்கம்மாள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் சரி என்றார். இப்போது இருவரும் நெய்வேலியில் இருக்கிறார்கள்.