அலுவோச்சின் வயிற்றுக்கு மரியாதை

என் மூத்த மனைவி அலுவோச்சைக் கடித்த கொசு திரும்பிப் பறந்து நான் பார்த்ததில்லை. கடிக்கும், சற்று யோசிக்கும், அப்படியே குப்புற விழும். காலையில் அவள் குடிசையைப் பெருக்கினால் பாதி முறம் கொசு. எங்கள் கோழிகளுக்கு வேறு தீனி போட்டதில்லை. மழைக்காலத்தில் ஏரிக்கரையே மலேரியாவில் சுருண்டு கிடக்கும்போது, இவள் மட்டும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைத் திட்டியபடி நிலத்துக்குப் போவாள். எல்லாம் வயிற்றில் இருக்கிற நாக்குப்பூச்சியின் காவல் என்பது அவள் கட்சி.

இளையவள் அகேயோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவளுக்கு வாய்த்தது கொக்கிப்புழு. காய்ச்சல் ரத்தத்தை உடைக்கும், மிச்சத்தைப் புழு குடிக்கும். இந்த மழையில் மூன்றாவது காய்ச்சல் வந்து இறங்கியதும், மருந்தகத்து நர்ஸ் கெரூபோ அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே மீன் வயிறு மாதிரி வெளுப்பு. காய்ச்சலுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது, புழுவையும் விரட்டாவிட்டால் அடுத்த காய்ச்சலில் இவள் எழுந்திருக்க மாட்டாள் என்று சொல்லி, வீட்டில் எல்லோருக்குமாகப் பூச்சி மாத்திரை கொடுத்தாள்.

கெரூபோ நல்ல பெண்தான், ஆனால் மலைநாட்டுக்காரி. எங்கள் வீடுகளில் முதல் விதையை மூத்தவள் போட வேண்டும், முதல் கதிரை மூத்தவள் தின்ன வேண்டும். இளையவள் முந்தினால் அவளையும் அவள் பிள்ளைகளையும் சிரா என்கிற சாபம் பிடித்து உடம்பு உருகிப் போகும். இதெல்லாம் கெரூபோவுக்குத் தெரியாது. அவள் மாத்திரையை என்னிடம் கொடுத்தாள். நான் வழக்கப்படி அலுவோச்சிடம் கொடுத்தேன். அவள் இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். விதைக்கு வரிசை உண்டென்றால் மருந்துக்கும் உண்டு, நான் விழுங்காமல் யாரும் விழுங்கக் கூடாது, நானோ விழுங்கப் போவதில்லை என்றாள். தீர்ப்பு முடிந்தது.

கெரூபோ வீட்டுக்கே சண்டைக்கு வந்தாள்.

"சிரா புடிச்சா உருகிப் போவாங்கன்னு பயப்படுறீங்களே, அவ இப்பவே உருகித்தானே கெடக்குறா?"

"அப்ப ஏற்கெனவே எதுலயோ முந்தியிருக்கா," என்றாள் அலுவோச்.

பிறகு, நாக்குப்பூச்சி மலேரியாவைத் தடுக்குமா என்று அவளே கேட்டாள். கெரூபோவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்தப் பூச்சி உள்ளவர்களுக்குக் காய்ச்சல் மூர்க்கமாக வருவது குறைவு என்று சில ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள், அப்படியெல்லாம் இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை, ஆனால் கொக்கிப்புழு ரத்தம் குடிப்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை என்று விளக்கினாள். அலுவோச் முதல் வாக்கியத்தோடு காதை மூடிக்கொண்டாள்.

"கேட்டியாய்யா? படிச்சவளே சொல்லிட்டா. என் காவக்காரன நான் ஏன் கொல்லணும்? இவளுக்காகவா?"

அகேயோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பதிலுக்குத் திட்ட அவளிடம் மூச்சு இல்லை. வேறு மாத்திரை வாங்கி வருகிறேன், தெரியாமல் விழுங்கு என்று நான் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு ஒன்று ஆனால் நீயா பொறுப்பு என்று கேட்டாள். சரி, மூத்தவளையே ஏமாற்றுவோம் என்று ஒரு மாத்திரையை வாங்கிப் பொடித்து அவளுடைய ஒமேனா மீன் குழம்பில் கலந்தேன். அவள் மோந்து பார்த்துவிட்டு நாய்க்கு ஊற்றினாள். நாய் அடுத்த வாரமே கன்றுக்குட்டி அளவுக்குக் கொழுத்துவிட்டது. ஒருவன் பால் கறக்குமா என்று விலை கேட்டான்.

ஒருநாள் கரையில் பெண்கள் கொசுவலைகளை விரித்து ஒமேனா காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அகேயோ கம்பை ஊன்றிக்கொண்டு அங்கே வந்தாள். அலுவோச்சின் முன்னால் மண்டியிட்டாள். அவளுடைய வயிற்றைப் பார்த்து, மூத்தவங்களே சௌக்கியமா என்று விசாரித்தாள்.

"என் மூஞ்சி மேல இருக்குடி."

"உங்கள கேக்கலக்கா. இந்த வீட்டுல யாரு பொழைக்கணும், யாரு சாகணும்னு முடிவு பண்றவங்க உள்ள இருக்காங்க. அவங்கதான் மூத்தவங்க. நீங்க ரெண்டாவது. நான் மூணாவது."

கரை முழுவதும் சிரித்தது. சில நீர்யானைகள்கூடத் தலையைத் தூக்கிச் சிரித்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து ஊரே அலுவோச்சின் வயிற்றுக்கு முதல் வணக்கம் சொல்ல ஆரம்பித்தது. மீன்காரி உள்ளே இருப்பவருக்கு என்று ஒரு மீன் கூடுதலாகப் போட்டாள். அகேயோ சோளக்களியின் முதல் உருண்டையை வயிற்றுக்கு நேராக நீட்டிவிட்டுத்தான் தட்டில் வைத்தாள். நானும் ஊருக்குப் போக அந்த வயிற்றிடம் அனுமதி கேட்டேன். அகப்பை என் நெற்றியில் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அலுவோச் அக்கம்பக்கத்தாரை முற்றத்துக்குக் கூப்பிட்டாள். முடிச்சை அவிழ்த்தாள். ஒரு மாத்திரையை எதிரியின் எலும்பைக் கடிப்பது போலக் கடித்து மென்றாள்.

"இந்த வீட்டுக்கு மூத்தவ ஒருத்திதான். எல்லாரும் பாத்துக்குங்க."

மிச்ச மாத்திரைகளை அகேயோவின் காலடியில் விட்டெறிந்தாள்.

"முழுங்கு. நீ செத்தா உம் பிள்ளைங்களுக்கும் நாந்தான் குண்டி கழுவணும்."

அவள் மனம் மாறுவதற்குள் அகேயோ மண்ணோடு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அலுவோச்சின் காவல்காரர் வெளியே வந்தார். நீளத்தை உள்ளபடி சொன்னால் நம்ப மாட்டீர்கள், குறைத்தே சொல்கிறேன். படகைக் கட்டக் கயிறாக ஆகும் என்று இரண்டு பேர் கேட்டு வந்தார்கள்.

அடுத்த மழையில் அலுவோச்சுக்கு வாழ்நாளில் முதல் மலேரியா வந்தது. மருந்து சாப்பிட்டுத் தேறினாள். ஒருத்தியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றாள் கெரூபோ. அலுவோச்சுக்கு நிரூபணம் தேவைப்படவில்லை, குற்றவாளி அடுத்த குடிசையில் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

அகேயோவுக்கும் காய்ச்சல் வந்தது. ஆனால் எழுந்துவிட்டாள். கீழிமை உள்ளே சிவந்திருந்தது. குடம் தூக்கினாள், நிலம் கொத்தினாள். பிறகு ஒருநாள் குடிசை வாசலில் நின்று, இத்தனை காலம் மூச்சு இல்லாமல் உள்ளேயே வைத்திருந்ததையெல்லாம் மூத்தவளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். அப்போது மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவை திரும்பி வந்தபோதும் முடிக்கவில்லை. அலுவோச்சும் சளைக்கவில்லை.

நான் இப்போது படகிலேயே குடியிருக்கிறேன். நடு ஏரியில் நிறுத்தினாலும் எந்த வசவு யாருடையது என்று பிரித்துக் கேட்க முடிகிறது.