திரையில் ஏறிய பேச்சு

தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்த அன்றே அவருக்கு இரண்டு காதும் போய்விட்டன. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள் எல்லோரும். அதைக்கூட அவருக்கு எழுதித்தான் காட்ட வேண்டியிருந்தது. டிவியில் வாய்கள் அசைவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு ரிமோட்டைச் சோபாவில் எறிந்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவார். நாளாக ஆக, அவரும் பேசுவதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டார்.

அவர் மனைவி ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தாள். டிவியோடு ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கட்டிவிட்டால், டிவியில் பேசுவதெல்லாம் திரையின் அடியில் எழுத்தாக ஓடும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பியைப் பிடித்தாள். பாகங்களைச் சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவன் வந்துவிட்டான்.

சாப்பாட்டு மேசை முழுக்கத் திருகாணியும் ஒயருமாகக் கிடந்தன. அக்காவும் தம்பியும் குனிந்து பூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். அந்தப் பார்வை முதுகில் குத்தியதில், அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் இரண்டு முறை வழுக்கியது.

சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது. டிவி மட்டும் கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து பீப் பீப் என்று விடாமல் சத்தம்.

"போச்சா?" என்றார் அவர். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. "எனக்காகன்னு சொல்லி யாரும் படம் காட்ட வேணாம். தூக்கிப் போடு!"

அவள் நிமிரவில்லை. "மெமரி சரியா உட்காரலடா," என்று தம்பியிடம் சொல்லி, சுவிட்சை அணைத்தாள். பெட்டிக்குள் மெமரி இருந்த பச்சைப் பட்டையைக் கழற்றி, துடைத்து, டக்கென்று விழும்வரை அழுத்தினாள். மறுபடி சுவிட்ச். இப்போது படம் வந்தது. தம்பி 'அப்பாடா' என்றான். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பேச்சை எழுத்தாக்கும் புரோகிராமைப் போட்டு, சோதித்துப் பார்க்க ஒரு மைக்கையும் செருகினான் தம்பி. "ஹலோ, ஹலோ." திரையில் ஒன்றும் வரவில்லை. "தமிழ் இன்னும் நெட்ல இருந்து இறங்கிட்டிருக்கு. அது பாட்டுக்கு இறங்கட்டும். நாம பெட்டி மூடியைப் போட்டுருவோம்."

இருவரும் டிவிக்கு முதுகைக் காட்டியபடி மூடியைத் திருகினார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்தது அவளிடமிருந்து பொத்துக்கொண்டு வந்தது. "எத்தனை நாளைக்குடா செவுத்தோட பேசறது? கடை மூடினா எல்லாரும் வீட்டுக்கு ஓடறாங்க. எனக்கு வீட்டுக்கு வரவே பயமா இருக்கு."

"மெதுவாக்கா."

"அவருக்கென்ன, கேக்கவா போகுது?"

பின்னால் நாற்காலி தரையில் கிரீச்சென்று இழுபட்டது. திரும்பினாள். டிவியில் அவள் சொன்ன வார்த்தைகள் உள்ளங்கை அகல எழுத்தில் வரிசையாக நின்றன. கடைசி வரியும் இருந்தது. அவர் எழுந்து நின்று படித்துக்கொண்டிருந்தார்.

தம்பி மைக் ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தான். அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வர பயமா?" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் என்ன, அடிக்கிறேனா?"

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "இல்லைங்க. நீங்க கத்தினாக்கூட தாங்கிக்குவேன். வாயே திறக்காம உக்காந்திருக்கீங்களே, அதான் பயம்."

எழுத்துகள் ஏறின. 'தாங்கிக்குவேன்' என்பது 'தூங்கிக்குவேன்' என்று விழுந்தது. அவர் இரண்டு தரம் படித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிச் சிரிப்பீங்க. என்னைப் பத்தித்தான்னு நெனைப்பேன். என்னன்னு கேட்டா, 'ஒண்ணுமில்லை'ன்னு எழுதிக் காட்டுவே. அப்புறம் நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

அவள் அப்படி எழுதிக் காட்டியது உண்மைதான். ஒவ்வொன்றையும் எழுத அலுத்துப்போய்த்தான் அப்படிச் செய்தாள்.

"தப்புதான்," என்றாள். அது பிழையில்லாமல் விழுந்தது.

அவர் நாற்காலியை டிவிக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாப்ள, போன வாரம் வாசல்ல நின்னு என்னடா சொன்னே? இவ அப்படிச் சிரிச்சாளே?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் மைக்கை அவன் கையில் திணித்தாள்.

"அது வந்து மாமா... உங்க மீசையைப் பத்தி."

அவர் படித்தார். "சொல்லு," என்றார். "முழுசா சொல்லு."